பழைய பம்பாயில் ஒரு காதல் கதை: புதிதாக எழுதுவோருக்கு

கடந்த காலத்துக் காதலை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மழை, மல்லிகை, பழைய பாட்டு என்று தொடங்குகிறார்கள். பத்துப் பக்கம் போவதற்குள் கதை நின்றுவிடுகிறது. மொழி வளம் போதாமல் நிற்பதில்லை. அந்தக் காலம் எப்படி இயங்கியது என்று தெரியாமல் நிற்கிறது. கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும், வந்த கடிதத்தை வீட்டில் யார் பிரிப்பார்கள், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அவள் எந்தப் பெட்டியில் ஏறுவாள், அவன் எதில் ஏறுவான்? காதலர்களைச் சேர்த்து வைத்ததும் பிரித்து வைத்ததும் இவைதான். இவற்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் ஏக்கத்தைத் தனியாகத் தூவ வேண்டியதில்லை.

மாதுங்கா, தாராவி, சயான், செம்பூர் என்று மும்பைத் தமிழர்கள் வாழ்ந்த இடங்களை வைத்துக் காதல் கதை எழுத நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறோம். சிறுகதைக்கும் நாவலுக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். நாவலுக்கு அது நீளும், அவ்வளவே.

முதலில் ஆண்டு, அப்புறம் ஆள்

"எழுபதுகளில்" என்று எழுதினால் போதாது. ஒரே ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் மாதத்தையும். நம் அகத்திணை மரபில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். அந்த நிலத்துக்கே உரிய மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். காதலும் பிரிவும் காத்திருப்புமான உரிப்பொருள் இவற்றின்மேல்தான் நிற்கும். புதிதாக எழுதுகிறவர் உரிப்பொருளை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு அதற்கு ஓர் ஊரையும் ஆண்டையும் ஒட்டப் பார்க்கிறார். அந்த ஒட்டு நிற்காது.

ஆண்டு எப்படிக் கதையைத் தரும் என்பதற்கு 1974 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மே 8, புதன்கிழமை, அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. 27ஆம் தேதி வரை நீடித்தது. சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் கலந்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள், பலருக்கு வேலை போனது, ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். இப்போது பஞ்சாங்கத்தைப் பாருங்கள். மே மாதம் சித்திரையின் கடைசியும் வைகாசியின் தொடக்கமும். முகூர்த்தக் காலம். மாதுங்காவில் ஒரு பெண்ணுக்கு அந்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் வர வேண்டும் என்று வையுங்கள். அவள் மனதில் இருப்பவன் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், வேலைநிறுத்தத்தில் இருக்கிறான். கல்யாணத்தைத் தள்ளிவைக்கிற அதே வேலைநிறுத்தம் அவன் வேலையையும் பறிக்கப் போகிறது. இந்த முடிச்சை யாரும் கற்பனை செய்து போடவில்லை. நாட்காட்டியிலேயே கிடந்தது.

கட்டுரை முழுக்க இந்த இருவரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அகப்பாடல்களில் போலவே இவர்களுக்கும் பெயர் வேண்டாம்.

நாட்காட்டித் தாள்

ஒரு பெரிய தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: தேதியும் கிழமையும், தமிழ் மாதம், ஊரில் நடந்தது, அவளுடைய நாள், அவனுடைய நாள். சிறுகதைக்கு மூன்று வாரத்துக்குப் போட்டால் போதும். நாவலுக்கு மாதத்துக்கு ஒரு தாள்.

முதலில் பிறந்த ஆண்டுகளை எழுதுங்கள். அவள் 1952இல் பிறந்திருந்தால் கதை நடக்கும்போது வயது 22. பள்ளிப் படிப்பு முடிந்தது 1960களின் கடைசியில். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் முடித்து, தெற்கு பம்பாயின் அலுவலகப் பகுதியான ஃபோர்ட்டில் வேலை. அவள் அப்பா எப்போது பம்பாய்க்கு வந்தார், வந்தபோது யார் வீட்டில் தங்கினார் என்பதையும் எழுதுங்கள். பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் முன்னால் வந்து, இன்னொருவரை அழைத்து, அந்த இன்னொருவர் தம்பிக்கு வேலை தேடித் தந்து என்று ஒரு சங்கிலி இருக்கும். காதலுக்கு எதிராக நிற்கும்போது அந்த நன்றிக்கடனெல்லாம் ஒன்றுதிரண்டு வரும். "அவர் இல்லாட்டி நமக்கு இந்த ஊரே கெடையாது" என்று அம்மா சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை இப்போதே தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்து, காலப்பிழைகளைக் களைவது. தவறு அதிகம் வருவது இந்த இடங்களில்தான்:

ஊர்ப்பெயர்கள். 1995 வரை பம்பாய். விக்டோரியா டெர்மினஸ் 1996இல்தான் பெயர் மாறியது, அதுவரை வி.டி. சென்னை என்ற அதிகாரப்பூர்வப் பெயரும் 1996இல்தான். தமிழ்ப் பேச்சில் சென்னை என்ற சொல் அதற்கு முன்னும் உண்டு என்றாலும் ரயில் டிக்கெட்டில் மெட்ராஸ்.

வண்டிகள். பம்பாய் டிராம் 1964 மார்ச் 31 இரவோடு முடிந்தது. 1966இல் உங்கள் நாயகி டிராமில் ஏறினால் அங்கேயே வாசகர் இறங்கிவிடுவார். புறநகர் ரயிலில் பெண்களுக்கென்றே முழு வண்டி விட்டது 1992இல். அதற்கு முன் பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் மட்டும்.

வீட்டுச் சாமான்கள். பம்பாயில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1972 அக்டோபர் 2இல் தொடங்கியது, வண்ணம் 1982இல் வந்தது. 1974இல் டிவி இருந்த வீடு அந்தக் கட்டடத்துக்கே டிவி வீடு, எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். அதுவும் ஒரு சந்திப்பிடம். தின்பண்டத்திலும் கவனம் வேண்டும். வடா பாவ் 1960களின் கடைசியில் தாதரில் பரவத் தொடங்கியது. 1955 காதலர்கள் கையில் அது இருக்க முடியாது.

முகவரி. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் அறிமுகமானது. அதற்கு முன் மாதுங்காவுக்குக் கடிதம் எழுதினால் "பம்பாய்-19", தாராவிக்கு "பம்பாய்-17". பிறகு 400 019, 400 017. ஓர் உறையின்மேல் இருக்கும் எண்ணை வைத்தே கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆண்டை வாக்கியத்தில் போட வேண்டியதே இல்லை.

நிலம்: மூன்று ஸ்டேஷன், ஒரு தண்டவாளம்

மும்பையில் இப்போது வாழ்கிறவர்களுக்கு இந்தப் படி எளிது. நடந்து பார்க்கலாம். மாதுங்கா என்று சொன்னால் எந்த ஸ்டேஷன் என்று முடிவு செய்யுங்கள். சென்ட்ரல் லைனில் மாதுங்கா, வெஸ்டர்ன் லைனில் மாதுங்கா ரோடு, ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். மூன்றும் வேறு வேறு ஸ்டேஷன், வேறு வேறு கூட்டம். நம் நாயகி கிழக்கு மாதுங்காவில் இருந்து ஃபோர்ட்டுக்குப் போகிறாள் என்றால் சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டிதான். தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுல்லா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, மஸ்ஜித், அப்புறம் வி.டி. தாதரில் இறங்கி ஃபாஸ்ட் வண்டிக்கு மாறுவாளா, மாறாமல் ஸ்லோவிலேயே போவாளா என்பது அவள் குணத்தைச் சொல்லும். அவன் வண்டியில் இருக்கிறான் என்று தெரிந்த நாளில் அவள் மாற மாட்டாள்.

புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று: கூட்டம் நிறைந்த லோக்கலில் இருவரையும் ஒரே பெட்டியில் உரசி நிற்க வைப்பது. அவள் ஏறுவது லேடீஸ் பெட்டி. அவன் ஏறுவது பொதுப் பெட்டி. பயணம் முழுக்கச் சுவர்தான். ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் நிற்கும் சில நிமிடமும், இறங்கியபின் பாலத்தில் நடக்கும் சில நிமிடமும் மட்டுமே அவர்களுடையவை. லேடீஸ் பெட்டி பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது தினப் பயணிகளுக்குத் தெரியும். ஆகவே அவன் எங்கே நிற்பான் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கட்டுப்பாட்டை எழுத்தாளர் எதிரியாக நினைக்கக் கூடாது. வேலையில் பாதியை அதுவே செய்துதருகிறது.

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடந்தே போகலாம். நடுவே தண்டவாளம். ஒரு பக்கம் அக்ரகாரத்துப் பழக்கங்களோடு வந்து குடியேறிய குடும்பங்கள், பஜனை சமாஜம், ஆஸ்திக சமாஜக் கோயில், வாழையிலையும் தொடுத்த பூவும் விற்கும் மார்க்கெட். இன்னொரு பக்கம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலிலும் ஆலைகளிலும் ரயில்வேயிலும் உழைத்த குடும்பங்கள், லேபர் கேம்ப், நெருங்கிய சந்துகள். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசியது. இந்தச் சிறு தூரத்தைக் கடக்க ஒரு காதலுக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதை எழுத ஒரு நாவலே வேண்டும். அதை எழுதுகிறவர்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

சந்திப்புகளைக் கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு சந்திப்புக்கும் தாளின் ஓரத்தில் மூன்று விடை எழுதுங்கள்: வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாள், எத்தனை நிமிடம் கிடைத்தது, யார் கண்ணில் பட்டார்கள். மூன்றாவதற்கு "யாரும் இல்லை" என்று பதில் வந்தால் அந்த இடம் பம்பாயே இல்லை.

விடிகாலையில் ஆரே பால் பூத் வரிசை நல்ல இடம். அலுமினியத் தாள் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்கள், காலிப் பாட்டிலைக் கொடுத்தால்தான் நிறைந்தது கிடைக்கும். வீட்டு இளசுகளைத்தான் அனுப்புவார்கள். வரிசை மெதுவாக நகரும், காரணம் கேட்க யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைத் தமிழ்ப் படத்துக்கு அரோரா தியேட்டர். குடும்பமே வரும், இடைவேளையில் ஒரு பார்வைக்கு மேல் கிடைக்காது. ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சில் உட்காரலாம், ஆனால் அங்கே உட்காருவதே ஓர் அறிவிப்பு மாதிரி. அதனால் அது கதையின் பிற்பகுதிக்கு. சண்முகானந்தா அரங்கில் கச்சேரி என்றால் 1963க்குப் பிறகு, 1990 தீ விபத்துக்கு முன், அல்லது 1998க்குப் பிறகு.

மழையைச் சும்மா பெய்ய விடாதீர்கள். பம்பாயில் ஜூன் இரண்டாம் வாரம் வாக்கில் பருவமழை தொடங்கும். சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் வண்டி நிற்கும். அலுவலகத்திலேயே இரவு தங்க நேரும், அல்லது தண்டவாளத்தோரம் நடந்து வீடு வர நேரும். வீட்டில் கேள்வி கேட்க முடியாத தாமதம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை இயற்கையே தருகிறது. ஒரு கதையில் அதை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

கடிதம்

பழைய காதல் கதையில் அதிகம் கெட்டுப்போவது கடிதம்தான். கதாபாத்திரம் இரண்டு பக்கத்துக்குக் கவிதை எழுதும், கதை அதுவரை கைகட்டி நிற்கும். கடிதத்தை உணர்ச்சி கொட்டும் பாத்திரமாக வைக்காமல் ஒரு பொருளாகப் பாருங்கள்.

இன்லண்ட் லெட்டரில் இடம் அளவானது. மூன்று மடிப்பு, பின்பக்கத்தில் பாதி முகவரிக்குப் போய்விடும். எழுத ஆரம்பிக்கும்போது எழுத்து பெரிதாக இருக்கும், முடிவுக்கு வரும்போது சுருங்கும், கடைசி வரி ஓரத்தில் பக்கவாட்டாக ஏறும். சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அவசரமாகப் பிரித்தால் பசை ஒட்டிய மடிப்போடு சேர்ந்து அந்த வரி கிழியும். கிழிந்துபோன அந்த ஒரு சொல் என்னவாக இருக்கும் என்று அவள் மூன்று நாள் யோசிப்பதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். போஸ்ட் கார்டை எல்லோரும் படிப்பார்கள், தபால்காரர் உட்பட. எனவே கார்டில் வருவது எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதப்பட்டது. மணியார்டரில் அனுப்புகிறவர் செய்தி எழுத அடியில் ஒரு துண்டு உண்டு. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மகன் மாதாமாதம் எழுதும் இரண்டு வரி அது. அந்த இரண்டு வரியில் ஒரு மாதம் மாற்றம் தெரிந்தால் அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

போய்வரும் நாளைக் கணக்கிடுங்கள். பம்பாயிலிருந்து மெட்ராஸ் ரயில் பாதையில் சுமார் 1,280 கிலோமீட்டர். அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் என்றால் எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி மாறி, பிறகு பஸ், பிறகு கிராமத் தபால்காரர். போக நான்கு நாள், பதில் வர நான்கு நாள், இடையில் எழுதத் தயங்கிய இரண்டு நாள் என்று பத்து நாளுக்கு ஒரு சுற்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மே 8க்குப் பிறகு இந்தக் கணக்கும் உடையும். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே கேள்வி கேட்டவரின் மனம் மாறிவிட முடியும் என்பதுதான் கடிதக் காதலின் முழு வலியும். மாறிய மனதோடு பழைய கேள்விக்கான பதிலைப் படிக்கும் காட்சியை ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள்.

உள்ளூர்க் காதலர்களுக்கு வேறு சிக்கல். பெருநகரத்தில் தபால் ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரும். மதியத் தபால் வரும்போது வீட்டில் அம்மாவோ பாட்டியோதான் இருப்பார்கள். அதனால் கடிதம் தோழியின் முகவரிக்கு வரும், அல்லது அலுவலகத்துக்கு. வி.டி.க்குப் பக்கத்தில் இருக்கும் ஜெனரல் போஸ்ட் ஆபீஸிலேயே வைத்திருந்து நேரில் வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. தோழி என்றதும் அவளுக்கும் ஒரு மனம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். மாதக்கணக்கில் பிறர் காதல் கடிதத்தைக் கைமாற்றித் தருகிறவள் என்ன நினைப்பாள்?

தந்தியில் சொல்லுக்குக் காசு. "உடனே வா" என்பதற்கு மேல் இருக்காது, காரணமும் இருக்காது. தொலைபேசி என்றால் கட்டடத்தில் ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரரின் எண்ணைத்தான் பிபி நம்பர் என்று எல்லோரும் கொடுப்பார்கள். பேசுவது கூடத்தின் நடுவில். வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், பேச்சு மூன்று நிமிடக் கணக்கில். மூன்று நிமிடத்தில் அவள் "ம்", "சரி", "அப்பறம்" என்ற மூன்று சொல் மட்டும் பேச, எதிர்முனையில் சொல்லப்பட்டதை வாசகர் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை.

பேச்சு

பம்பாய்த் தமிழர் எல்லோரையும் ஒரே மாதிரி பேச வைத்தால் கதை செத்துவிடும். நம் நாயகி "ஆத்துல தேடுவா" என்பாள். அவன் "வீட்டுல தேடுவாவ" என்பான். "ஏட்டி" என்று தங்கையைக் கூப்பிடுகிற வாய், இவளிடம் "நீங்க" என்று தடுமாறும். இருவர் பேச்சிலும் பொதுவாக இருப்பது பம்பாய் கொடுத்த சொற்கள். சால் (வரிசை வீடுகள் கொண்ட கட்டடம்), டப்பா, பந்த், பக்கத்து வீட்டு பாபி (அண்ணி), மாடி வீட்டுக் காகா (சித்தப்பா). ஒருவர் வீட்டுத் தமிழ் மற்றவருக்கு வேடிக்கையாக இருக்கும்போது, கட்டட முற்றத்து இந்தி இருவருக்கும் சமமாக இருக்கும். சண்டை வந்தால் எதில் பேசுவார்கள், அழும்போது எதில் பேசுவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

தமிழில் காதலின் பெரிய திருப்பங்கள் விளிச்சொல்லில் நடக்கின்றன. "நீங்க" எந்தக் காட்சியில் "நீ" ஆகிறது, யார் முதலில் மாறுகிறார், மற்றவர் அதைக் கவனித்தாரா, மூன்றாம் ஆள் முன்னால் மறுபடி "நீங்க" ஆகிறதா என்பதைத் தாளில் குறித்து வையுங்கள். முதல் வரைவில் பலரும் இதைக் கவனிக்காமல் பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றி எழுதிவிடுவார்கள். திருத்தும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறும்படி செய்தால், அந்த இடம் தானாக உச்சக்காட்சி ஆகும். கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி மரியாதைக்குத் திரும்பி, பெயர் சொல்லாமல் "இந்தாங்கோ" என்று கூப்பிடத் தொடங்கினால், அதில் ஒரு இழப்பும் இருக்கிறது. அதை யாராவது எழுத வேண்டும்.

"நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்ற வாக்கியத்தைக் கதை முழுக்கத் தடை செய்யுங்கள். 1974இல் அதைத் திரையில் சொன்னார்கள், பிளாட்பாரத்தில் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பத்தி. முதல் வரைவு இப்படி வரும்:

"அவளைக் கண்டதும் அவன் இதயம் படபடத்தது. காலம் உறைந்து நின்றது. அவள் விழிகளில் ஆயிரம் கவிதைகள் மின்னின."

இதே சந்திப்பை வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாளில் வைத்து மறுபடி எழுதினால்:

"வண்டி இல்லாத பிளாட்பாரம். இருந்தும் அவள் வழக்கமான தூணருகே நின்றிருந்தாள், கையில் டிபன் டப்பாவோடு.

'இன்னைக்கும் வண்டி கெடையாதுல்லா, தெரியாதா ஒங்களுக்கு?'

'தெரியும்.' டப்பாவை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள். 'ஆத்துல ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.'"

இரண்டாவதில் இதயமும் இல்லை, கவிதையும் இல்லை. வண்டி வராது என்று தெரிந்தே வந்திருக்கிறாள் என்ற ஒரு தகவல் மட்டும் இருக்கிறது. அந்தத் தகவலை ஆண்டுதான் தந்தது. "ல்லா", "ஆத்துல" என்ற இரண்டு ஒலியில் தண்டவாளத்தின் இரு பக்கமும் வந்துவிட்டன. டப்பாவைக் கை மாற்றுவது அவள் படபடப்பு. அதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்த்தாலும் கெடும்.

தடை எது என்று சொல்லுங்கள்

"வீட்டில் சம்மதிக்கவில்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எதனால் சம்மதிக்கவில்லை? சாதியால் என்றால் சாதியால் என்று எழுதுங்கள். எந்தச் சாதி, எந்தச் சொல்லால் அதைச் சொன்னார்கள், யார் வாயைத் திறக்கவே இல்லை என்பதெல்லாம் வேண்டும். மழுப்பினால் காதலர்கள் எதற்காக அஞ்சினார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். ஊரின் அச்சமும் கூடவே இருந்தது. 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிரான பிரச்சாரம் வலுத்த ஆண்டுகளில், தமிழில் உரக்கப் பேச வேண்டாம் என்று ரயிலில் பிள்ளைகளை அதட்டிய பெற்றோர் இருந்தார்கள். ரகசியமாகப் பேச வேண்டிய காதலர்களுக்கு அவர்கள் தாய்மொழியே காட்டிக்கொடுக்கும் மொழியாகிவிட்ட சூழல் அது.

கல்யாணச் சட்டத்தில் நிறையக் கதைகள் சறுக்குகின்றன. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் காலையில் ஓடி மாலையில் மாலையோடு வெளியே வருவது 1954ஆம் ஆண்டு ஸ்பெஷல் மேரேஜ் சட்டப்படி நடக்காது. முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபத்துக்கு 30 நாள். பிறகு மூன்று சாட்சிகளோடு கல்யாணம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயது இந்தச் சட்டத்தில் முதலிலிருந்தே உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் 1978 வரை பெண்ணுக்கு 15, ஆணுக்கு 18தான். அவசரக் கல்யாணம்தான் வேண்டும் என்றால் ஆரிய சமாஜ முறை இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967 திருத்தம் தமிழ்நாட்டுக்கானது, பம்பாய்க் கதையில் அதை வைத்து நீதிமன்றக் காட்சி எழுதாதீர்கள்.

சட்டத்தைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம். சுவரில் பெயர் ஒட்டப்பட்ட 30 நாள் என்பது எந்த எழுத்தாளராலும் கற்பனை செய்ய முடியாத பதற்றம்.

நினைவில் போய் வருவது

முதுமையில் ஒருவர் நினைத்துப் பார்ப்பதாகக் கதையைத் தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் கதைக்கு அது வேண்டாம். நேராக 1974இல் தொடங்கி 1974இலேயே முடியுங்கள். அப்படி நினைத்துப் பார்க்கும் சட்டகம் இருந்தே தீர வேண்டும் என்றால், நிகழ்காலத்திலும் அந்த முதியவருக்கு முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்க வேண்டும். வெறுமனே ஜன்னலோரம் உட்கார்ந்து நினைப்பவருக்கு வாசகர் பொறுமை இரண்டு பக்கம்தான். 3,000 சொல் கதையில் நிகழ்காலப் பகுதி 500 சொல்லைத் தாண்ட வேண்டாம்.

பின்னோக்கிப் போகும்போது முதல் இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மட்டும் "வந்திருந்தாள், சொல்லியிருந்தான்" என்று எழுதிவிட்டு, அதன்பின் "வந்தாள், சொன்னான்" என்று சாதாரண இறந்தகாலத்துக்கு வந்துவிடுங்கள். பத்தி முழுக்க "இருந்தாள், இருந்தான்" என்று போனால் காது வலிக்கும். நினைப்பவருக்குத் தெரியாததை நினைவில் எழுதக் கூடாது. அன்று அவள் என்ன நினைத்தாள் என்பது அவனுக்கு இன்றும் தெரியாது.

தகவலுக்குப் பெரியவர்களிடம் பேசும்போது "அந்தக் காலக் காதல் எப்படி?" என்று கேட்காதீர்கள், சிரித்துவிட்டு எழுந்து போவார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சம்பளக் கவரை யாரிடம் கொடுப்பீர்கள், வெளியே போகும்போது கதவை யார் பூட்டுவார் என்று கேளுங்கள். காதல் தானாக வரும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய வார இதழ்கள் இருக்கின்றன. கதைகளைவிட விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் பாருங்கள். என்ன உடுத்தினார்கள், எதற்கு வெட்கப்பட்டார்கள் என்பது அங்கேதான் கிடைக்கும்.

உங்கள் சொந்தக் காதல்

சொந்த அனுபவத்தை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் மற்றவர் இன்னும் எங்கோ குடும்பத்தோடு இருக்கிறார். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வேலை, பிறந்த ஊர், உடன்பிறந்தவர் எண்ணிக்கை, தெரு, இவற்றில் குறைந்தது மூன்றையாவது மாற்றுங்கள். அவர் எழுதிய கடிதம் உங்கள் பெட்டியில் இருந்தாலும் அதன் வாசகம் அவருடையது. அப்படியே எடுத்து அச்சிடும் உரிமை உங்களுக்கு இல்லை. அதே உணர்வை உங்கள் சொல்லில் புதிதாக எழுதுங்கள், பெரும்பாலும் அது இன்னும் நன்றாக இருக்கும். திரைப்பாடல் வரிகளுக்கும் இதே விதி. எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ரேடியோவில் பாட்டு ஓடியது, அவள் அதன் சத்தத்தைக் குறைத்தாள் என்று எழுதினால் பாட்டு வாசகர் காதில் கேட்டுவிடும்.

பழிதீர்க்க எழுதுகிறீர்களா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விட்டுப்போனவர் பக்கத்திலிருந்து ஒரு முழுக் காட்சி எழுதிப் பாருங்கள். அவருக்கு நியாயமான ஒரு காரணம்கூட உங்களால் தர முடியவில்லை என்றால் அந்தக் கதையை இன்னும் ஓர் ஆண்டு தள்ளிவைப்பது நல்லது.

வரைவும் திருத்தமும்

சிறுகதை என்றால் 2,500 சொல், நான்கு அல்லது ஐந்து காட்சி. நாவல் என்றால் 2,000 சொல் அளவில் முப்பது அத்தியாயம் என்று திட்டமிடுங்கள். நாளுக்கு 500 சொல் எழுதினால் நான்கு மாதத்தில் முதல் வரைவு முடியும். எழுதும்போது தகவல் தெரியாத இடத்தில் நிற்காமல் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள். முடிந்தபின் அவற்றைத் தேடி நிரப்புங்கள்.

முதல் வரைவை இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவை தேதிக்காக மட்டும், நாட்காட்டித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டாம் தடவை உரையாடலை மட்டும் வாய்விட்டு. மூன்றாம் தடவை தொடுதலுக்காக: இருவரும் ஒருவரையொருவர் தொடும் இடங்களை எண்ணுங்கள். சிறுகதையில் இரண்டுக்கு மேல் இருந்தால் முதலாவதை எடுத்துவிடுங்கள், இரண்டாவது பலமடங்கு வலுப்பெறும்.

பிறகு அந்த ஆண்டில் அந்தப் பகுதியில் வாழ்ந்த ஒருவரிடமும், அந்த ஆண்டுக்குப் பின் பிறந்த ஒருவரிடமும் கொடுங்கள். முன்னவர் தகவல் பிழை சொல்வார். பின்னவர் எங்கே புரியவில்லை என்று சொல்வார். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில்தான் கோளாறு இருக்கும்.

இதழுக்கு அனுப்பும்போது ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்ப வேண்டாம். அந்த இதழின் சொல் வரம்பைப் பார்த்து, யூனிகோடு எழுத்துருவில், கதை நடக்கும் ஆண்டைப் பற்றிய முன்குறிப்பு எதுவும் இல்லாமல் அனுப்புங்கள். முன்குறிப்பு தேவைப்படுகிறது என்று தோன்றினால் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அவளுக்கு வரும் கடிதத்தின் உறையில் பம்பாய்-19 என்று இருக்கிறதா, 400 019 என்று இருக்கிறதா என்று எழுதுங்கள்.